இரண்டு பேரில் யாரை எடுப்பது?

கேள்வி: ஏழு பேர் வேலை செய்யும் சிறிய உதிரிபாக விற்பனை நிறுவனம் நடத்துகிறேன். பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, பணம் வாங்கிக் கணக்கில் ஏற்றுவது எல்லாம் ஒரே ஆளின் பொறுப்பு. ஒன்றரை வருடத்தில் இந்த வேலைக்கு மூன்று பேரை எடுத்துவிட்டேன். முதல் ஆள் மூன்றாவது வாரம் சொல்லாமல் நின்றுவிட்டார். இரண்டாமவர் இன்டர்வியூவில் பிரமாதமாகப் பேசினார், ஆனால் ஒரு மாதம்கூட ஸ்டாக் சரியாக வந்ததில்லை. மூன்றாமவர் போன பிறகு பார்த்தால் பணம் குறைந்திருந்தது. சிறிய தொகை, அலைச்சல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இனி ஏமாறக்கூடாது. ஆளுமைத் தேர்வு வைக்கலாமா? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? போலீஸ் விசாரணை அவசியமா? பார்த்தவுடன் ஆளை எடை போடுவது எப்படி? இப்போது இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு 11 வருட அனுபவம், கலகலப்பாகப் பேசுகிறார். இன்னொருவருக்கு 4 வருட அனுபவம், அதன்பிறகு 3 வருடம் வீட்டில் இருந்திருக்கிறார், பேசவே தயங்குகிறார். திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறேன். யாரை எடுப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: பார்த்தவுடன் எடை போடுவது பற்றிக் கேட்டீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். சிறு நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. அந்த வித்தை எனக்கு இன்றுவரை கைவரவில்லை. கைவந்துவிட்டது என்று ஒருகாலத்தில் நம்பியதுண்டு. என் சொந்த அலுவலகத்துக்கு ஒருவரை எடுத்தபோது, எனக்குப் பிடித்த சதுரங்கம் அவருக்கும் பிடிக்கும் என்று தெரிந்தது. ஒரு மணி நேரம் அதையே பேசினோம். அவர் போன பிறகு என் குறிப்பேட்டில் இருந்தது இரண்டே சொல்: ‘நல்ல ஆள்’. நல்ல ஆள்தான், அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கடிதத்தைக் குறித்த நாளில் அனுப்பியதில்லை. நாலு மாதத்தில் பிரிந்தோம். அவரை என்ன சொல்வது? வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காதவன் நான்தானே.

இது என் ஒருவனின் கதை அல்ல. ஜேசன் டானா, ராபின் டாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. கல்லூரி மாணவர்களிடம் வேறு மாணவர்களைப் பேட்டி காணச் சொன்னார்கள். பேட்டி கொடுத்தவர் எவ்வளவு மதிப்பெண் எடுப்பார் என்று பேட்டி எடுத்தவர் கணிக்க வேண்டும். சில பேட்டிகளில் பதில் சொல்பவருக்கு ஒரு ரகசிய விதி கொடுத்திருந்தார்கள். அதன்படி அவர் சொல்லும் ஆம், இல்லை எதற்கும் உண்மையோடு சம்பந்தமே கிடையாது. பேட்டி எடுத்தவர்களுக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆளை நன்றாகப் புரிந்துகொண்டோம் என்றே நினைத்தார்கள். இதைவிடப் பெரிய வேடிக்கை, பேட்டி எடுக்காமல் பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் அவர்கள் கணிப்பு இன்னும் சரியாக வந்திருக்கும். இஷ்டத்துக்குப் பேசும் நேர்காணல் ஒன்றும் தராமல் போவதோடு நிற்பதில்லை, கையில் இருக்கும் நல்ல தகவலையும் கலக்கிவிடுகிறது.

சரி, உங்கள் மூன்று பேருக்கு வருவோம். மூன்றையும் சேர்த்து ‘ஏமாந்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் மூன்று வேறு நோயாகத் தெரிகிறது.

முதல் ஆள் மூன்று வாரத்தில் நின்றதற்குக் காரணம், பெரும்பாலும், வேலை அவர் நினைத்ததுபோல் இல்லாததுதான். ஒரே ஆள் பில், ஸ்டாக், பணம் மூன்றையும் பார்க்கும் இடத்தில் மாதக் கடைசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் அதைச் சொன்னீர்களா? வேலையின் கசப்பை முதலிலேயே சொல்லிவிட்டால் ஆள் வரமாட்டார்களே என்று முதலாளிகள் பயப்படுகிறார்கள். சொல்லிவிட்டால் சிலர் வரமாட்டார்கள், உண்மைதான். அந்தச் சிலர்தான் மூன்றாவது வாரம் நின்றிருப்பார்கள். ஆகவே விளம்பரத்திலேயே சம்பளம், வேலை நேரம், மாதக் கடைசியில் எத்தனை நாள் நேரமாகும் என்பதையெல்லாம் எழுதிவிடுங்கள். ‘சம்பளம் தகுதிக்கேற்ப’ என்று எழுதுவதில் மிச்சமாவது எதுவும் இல்லை. பத்துப் பேரிடம் பேசி முடித்த பிறகு ஒன்பது பேர் அந்தச் சம்பளத்துக்கு மாட்டேன் என்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டாமவர் விஷயம், ஆள் எடுக்கும் முறையில் இருந்த ஓட்டை. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாமவர் விஷயத்தில் கொஞ்சம் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். பில் போடுபவரே பணத்தையும் வாங்கி, அவரே கணக்கிலும் எழுதி, அவரே ஸ்டாக்கையும் எண்ணினால், அங்கே நாளைக்கு யாரை உட்கார வைத்தாலும் இதே கவலைதான். அவ்வளவு வசதியான இடத்தில் உட்காருபவரை, எடுப்பதற்கு முன்பே யோக்கியரா என்று கண்டுபிடித்துவிடும் சோதனை உலகத்தில் இல்லை. பணத்தைத் தொடுகிறவரும் அதைக் கணக்கில் எழுதுகிறவரும் வெவ்வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பது கணக்குத் தணிக்கையில் அரிச்சுவடி. ஏழு பேரில் அப்படிப் பிரிக்க முடியாது என்றால், நீங்களே தினமும் மாலையில் பத்து நிமிடம் உட்காருங்கள். அன்றைய பில் மொத்தம், கையிருப்பு, வங்கியில் வந்த தொகை மூன்றையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாதம் ஒருமுறை, எந்தப் பொருள் என்று முன்கூட்டிச் சொல்லாமல், பத்துப் பொருளை மட்டும் நேரில் எண்ணுங்கள். இதை வந்த முதல் நாளே புது ஆளிடம் சொல்லிவிடுங்கள். நேர்மையானவர் இதற்கு வருத்தப்பட மாட்டார். பின்னால் ஏதாவது குறைந்தால் தன்மேல் பழி வராது என்று நிம்மதிதான் அடைவார்.

இதனால்தான் போலீஸ் விசாரணை பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உங்களிடம் பணம் எடுத்த அந்த மூன்றாமவர் இப்போது வேறு எங்கோ விண்ணப்பித்திருப்பார். அந்த முதலாளி போலீஸ் பதிவைப் பார்த்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் நீங்கள் புகார் கொடுக்கவில்லை. சிறு தொகைக்குப் பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை. பதிவு சுத்தமாக இருக்கிறது என்றால் பிடிபட்டதில்லை என்றுதான் அர்த்தம். பணம் கையாளும் வேலை என்பதால் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் பாருங்கள், தவறில்லை. ஆனால் எடுப்பதாக முடிவு செய்த அந்த ஒருவருக்கு மட்டும், அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும். வந்தவர்கள் எல்லோரையும் தோண்டுவது சில நாடுகளில் சட்டப்படி குற்றம். சட்டம் விட்டாலும் அது நாகரிகமில்லை.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது வேண்டவே வேண்டாம். பார்த்துவிட்டு, நகல் எடுத்துக்கொண்டு, அப்போதே திருப்பிக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் சான்றிதழ் கொடுத்த கல்லூரியிடமோ பயிற்சி நிலையத்திடமோ கேட்டுச் சரிபாருங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டாய உழைப்பை அடையாளம் காண 11 குறிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்வது அவற்றில் ஒன்று. நீங்கள் அந்த நோக்கத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நல்ல வேலைக்காரர் ஒருவர் ‘அசலைக் கொடுத்தால்தான் வேலை’ என்று கேட்ட நிமிடமே எழுந்து போய்விடுவார். வேறு வழியில்லாதவர்தான் கொடுப்பார். அப்படிப்பட்ட ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

ஆளுமைத் தேர்வு: மனிதர்களை நாலு நிறமாக, நாலு மிருகமாகப் பிரிக்கும் சமாச்சாரங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வதும் அப்படியே.

இந்த விஷயத்தில் ஆராய்ச்சி கொட்டிக் கிடக்கிறது. 1998-இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரு உளவியலாளர்கள், அதற்கு முந்தைய 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து, எந்தத் தேர்வு முறை பிற்கால வேலைத் திறனை எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று வரிசைப்படுத்தினார்கள். 2022-இல் பால் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் அந்தக் கணக்கில் இருந்த ஒரு பிழையைச் சுட்டி, மறுபடி போட்டார்கள். பல முறைகளின் மதிப்பு இறங்கியது. முதலிடத்துக்கு வந்தது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல். வேலை பற்றிய அறிவைச் சோதிப்பது, வேலையில் ஒரு துண்டைச் செய்ய வைத்துப் பார்ப்பது ஆகியவையும் வரிசையில் மேலே இருந்தன. இத்தனை வருட அனுபவம் என்ற எண் எங்கே இருந்தது தெரியுமா? கிட்டத்தட்ட அடியில். அதாவது முன்னே சொன்ன கலகலப்பானவரின் 11 வருடத்தையும் தயங்கித் தயங்கிப் பேசியவரின் 4 வருடத்தையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு எதுவும் தெரிய வராது. 11 வருடம் வேலை பார்த்தவர் 11 வருடமும் கற்றுக்கொண்டிருக்கலாம், ஒரே வருடத்தைப் பதினொரு தடவை ஓட்டியிருக்கவும் கூடும்.

ஆகவே இரண்டாமவர் விட்டுப்போன ஓட்டையை அடைக்கும் வழி இது. உங்கள் பழைய கணக்கிலிருந்து ஒரு நாளை எடுங்கள். வாடிக்கையாளர் பெயர்களை மாற்றிவிடுங்கள். இருபது பில், நாலைந்து சரக்கு வரவுச் சீட்டு, அன்றைய ஸ்டாக் பட்டியல், பண வரவுக் குறிப்பு. இதில் நாலு தவறை நீங்களே நுழைத்து வையுங்கள். ஒரு பில் இரண்டு தடவை ஏறியிருக்கட்டும். 12 என்று இருக்க வேண்டிய எண்ணிக்கை 21 என்று இருக்கட்டும். திரும்பி வந்த பொருள் ஒன்று ஸ்டாக்கில் சேராமல் இருக்கட்டும். ஒரு பில்லுக்குப் பணம் வந்ததற்கான ரசீதே இல்லாமல் இருக்கட்டும். ஒன்றரை மணி நேரம் கொடுத்து, ‘இந்த நாளைச் சரிபார்த்து, எனக்கு அரைப் பக்கம் எழுதித் தாருங்கள்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். கால்குலேட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் தாராளமாகப் பயன்படுத்தட்டும், வேலையிலும் அவை இருக்கும்தானே.

எத்தனை தவறைக் கண்டுபிடித்தார் என்பது ஒரு பங்கு. நான் அதைவிடக் கூர்ந்து பார்ப்பது அந்த நாலாவது தவறை என்ன செய்தார் என்பதை. ரசீது இல்லாத பில்லை இருக்கும் காகிதங்களை வைத்துத் தீர்க்கவே முடியாது. சிலர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். சிலர் கணக்கு நேராக வரவேண்டும் என்பதற்காக ஒரு தொகையைத் தாங்களே எழுதி வைப்பார்கள், இவர்களிடம் ஜாக்கிரதை. ‘இதற்கு ரசீது காணோம், யாரிடம் கேட்க வேண்டும்?’ என்று எழுதுகிறவர் உங்களுக்கு வேண்டிய ஆள். இன்னொன்று. 12-ஐ 21 என்று எண்களை இடம் மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். பழகிய கணக்கர்கள் வித்தியாசம் வந்தவுடன் முதலில் 9-ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். யாராவது அதைச் செய்தது தெரிந்தால், அவர் பேசத் தெரியாதவராக இருந்தாலும் கைக்கு வேலை தெரிந்தவர்.

இந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பணம் கொடுங்கள். நிலுவையில் இருக்கும் உண்மையான வேலையைச் ‘சோதனை’ என்று கொடுத்து இலவசமாக முடித்துக்கொள்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அது கேவலம். பழைய நாள், ஏற்கனவே முடிந்த கணக்கு, அதுதான் முறை. விண்ணப்பம் இப்போதெல்லாம் யார் எழுதினார் என்றே தெரிவதில்லை, செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பயோடேட்டாக்கள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. உங்கள் இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலையை அப்படி எழுதி வாங்கி வர முடியாது.

அப்புறம் நேர்காணல். இதற்கு நான் பின்பற்றுவது டேனியல் கானமன் தன் இருபதுகளின் தொடக்கத்தில், இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தபோது வகுத்த முறை. (பிற்பாடு, 2002-இல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அதே உளவியலாளர்தான்.) அங்கே புதிதாக வருபவர்களைப் பேட்டி காண்பவர்கள், பேசிவிட்டு மனதில் பட்டதைச் சொல்லி வந்தார்கள், அது பலிக்கவில்லை. கானமன் ஆறு குணங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்மையில் என்ன செய்திருக்கிறார் என்ற கேள்விகளைக் கொடுத்து, ஒன்றுக்கு மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்றார். எங்களை இயந்திரம் ஆக்குகிறாயா என்று பேட்டி காண்பவர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். சரி, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு முடித்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மனதுக்குப் பட்டதற்கும் ஒரு மதிப்பெண் போடுங்கள் என்று விட்டுக்கொடுத்தார். பின்னால் பார்த்தால் அந்த மனக்கணிப்பும் நன்றாகவே பலித்தது. ஆக, உள்ளுணர்வைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அதைக் கடைசியில் பேச விட்டால் போதும்.

உங்கள் வேலைக்கு ஆறு வேண்டாம், நாலு போதும்: துல்லியம், நேரம் தவறாமை, தெரியாததைக் கேட்கும் பழக்கம், வாடிக்கையாளரிடம் பொறுமை. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ‘நீங்கள் நேர்மையானவரா?’, ‘உங்கள் பலவீனம் என்ன?’ போன்ற கேள்விகளுக்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான். நடந்ததைக் கேளுங்கள். ‘கடைசியாக ஸ்டாக் பொருந்தாமல் போனது எப்போது? முதலில் எதைப் பார்த்தீர்கள்? யாரிடம் சொன்னீர்கள்?’ உண்மையில் செய்தவரிடம் விவரம் இருக்கும், கேட்கக் கேட்க வரும். செய்யாதவர் இரண்டாவது துணைக் கேள்வியில் ‘பொதுவாக நாங்கள்...’ என்று ஆரம்பிப்பார். இருவரிடமும் அதே கேள்விகள், அதே வரிசை. முடிந்தால் உங்களோடு நெடுநாள் இருக்கும் ஊழியர் ஒருவரையும் உட்கார வையுங்கள். நீங்கள் இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகு பேசுங்கள், முன்னால் பேசக்கூடாது. முதலாளி ‘எப்படி இருக்கார், நல்லாத்தானே?’ என்று கேட்டால் எந்த ஊழியர் இல்லை என்பார்?

கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா, வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், என்ன மதம் என்பவை எதுவும் கேட்கக்கூடாதவை. பல நாடுகளில் இதற்கு வழக்கே வரும். மாதக் கடைசியில் இரண்டு நாள் இரவு எட்டு மணிவரை இருக்க வேண்டும் என்றால் அதை அப்படியே கேளுங்கள்: ‘இருக்க முடியுமா?’ ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே மாதிரி. அந்த 3 வருட இடைவெளியைப் பற்றியும் ஒரு கேள்விக்கு மேல் வேண்டாம். ‘திரும்ப வேலைக்கு வருவதற்கு என்ன தயார் செய்திருக்கிறீர்கள்?’ என்பது போதும். ஏன் வீட்டில் இருந்தார் என்பது அவருடைய விஷயம்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பதைப் பலர் சடங்காகச் செய்கிறார்கள். ‘ஆள் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லவர்தான்’ என்பதே பதில். சுருக்கமாக மூன்று கேளுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தார், எந்த வேலையை யார் துணையும் இல்லாமல் தானாகச் செய்தார், இடம் இருந்தால் திரும்ப எடுப்பீர்களா. கடைசிக் கேள்விக்கு ‘உடனே’ என்று வரும் பதிலும், ஒரு நிமிடம் யோசித்து ‘பார்க்கலாம்’ என்று வரும் பதிலும் ஒன்றல்ல. தேதியை மட்டும் உறுதி செய்து மற்றதற்கு வாய் திறக்காத நிறுவனங்களும் உண்டு. அது அவர்கள் வழக்கம், அதை ஆள்மேல் குறையாக எடுக்காதீர்கள். இப்போது வேலையில் இருப்பவர் என்றால் அவருடைய அனுமதி இல்லாமல் அந்த முதலாளியைக் கூப்பிடவே கூடாது, இருக்கிற வேலையும் போய்விடும். அவருடைய சமூக ஊடகப் பக்கங்களைத் துழாவுவதும் தேவையில்லை. கேட்கக்கூடாத அத்தனையும் அங்கேதான் கிடைக்கும், தெரிந்த பிறகு தெரியாததுபோல் முடிவெடுக்க யாராலும் முடியாது.

சரி, திங்கட்கிழமை. அன்று யாருக்கும் ‘ஆம்’ சொல்லாதீர்கள். இருவரையும் கூப்பிட்டு, நேர்காணலை மட்டும் வைத்து முடிவெடுக்க விரும்பவில்லை, ஒன்றரை மணி நேர வேலை ஒன்று தருகிறேன், அதற்குப் பணமும் தருகிறேன் என்று சொல்லுங்கள். வெவ்வேறு நாளில் வரச் சொல்லுங்கள். பேசத் தயங்குகிறவரிடம் முதலில் காகிதத்தைக் கொடுங்கள், பேச்சு பிறகு. தான் செய்த வேலையைப் பற்றிப் பேசும்போது அப்படிப்பட்டவர்களுக்கு வாய் தானாகத் திறக்கும், பலமுறை பார்த்திருக்கிறேன். கலகலப்பானவரிடம் இதற்கு நேர்மாறாக, அவர் எழுதிய அரைப் பக்கத்தை அவர் கிளம்பிய பிறகு படியுங்கள். எதிரில் உட்கார்ந்து விளக்கினால் பாதித் தவறு உங்களுக்கே சரியாகத் தெரியும்.

இருவருமே நாலில் ஒரு தவறைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்றால் மறுபடி விளம்பரம் கொடுங்கள். ஒரு மாதம் நீங்களே பில் போட்டுச் சமாளிப்பது, நாலாவது ஆளை எடுத்து ஆறு மாதம் கழித்து அனுப்புவதைவிட மலிவு. யாரை எடுத்தாலும் மூன்று மாதத் தகுதிகாண் காலம் என்று எழுத்தில் கொடுத்து, ஒவ்வொரு மாதமும் எது சரியாக வர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். எடுக்காதவருக்கும் அன்றே தகவல் சொல்லி, அவர் கண்டுபிடித்த தவறுகளையும் விட்டதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். இந்த முறை எடுத்தவர் ஒருவேளை நிற்காவிட்டால், நீங்கள் முதலில் தொலைபேசியில் கூப்பிடப் போவது அவரைத்தான்.